துருவேறிய கார் ரிம்மைக் கழற்றி மாற்றுதல்: மும்பையில் முதல்முறை செய்பவர்களுக்கு

நான்கு நட்டுகளையும் கழற்றிய பிறகும் சக்கரம் அசையாமல் அப்படியே நிற்கும்போதுதான், துரு எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பது பலருக்கும் தெரியவருகிறது. செம்பூரில் எங்கள் குடியிருப்பின் திறந்தவெளியில் நான்கு மழைக்காலங்கள் நின்ற காரில் எனக்கும் அதுதான் நேர்ந்தது. நட்டுகள் கையில் இருந்தன. சக்கரமோ ஹப்போடு, அதாவது சக்கரம் மாட்டப்படும் சுழல் பாகத்தோடு, பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று பொறுமையிழந்து இரும்புச் சுத்தியலால் ஓங்கி அடித்ததில் ரிம்மின் விளிம்பு நசுங்கியதோடு, நட்டு ஏறும் திருகுத் தண்டான ஸ்டட் ஒன்றின் மரையும் கெட்டுப்போனது. அந்த இழப்பு தேவையற்றது. முறையாகச் செய்தால் இந்த வேலையைப் புதியவர் ஒருவர் அரை நாளில் பாதுகாப்பாக முடிக்கலாம். அதற்கு முதலில் துரு எங்கே பிடிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இரும்பு ரிம் இரண்டு பாகங்களைக் கொண்டது. டயர் உட்காரும் வளையம் ஒன்று, வண்டியோடு பொருந்தும் நடுத் தட்டு மற்றொன்று. இரண்டும் வெல்டிங் மூலம் இணைக்கப்பட்டவை. நடுத் தட்டின் மையத்தில் உள்ள பெரிய துளை, ஹப்பின் நடுவே துருத்திக்கொண்டிருக்கும் வட்ட விளிம்பின்மீது இறுக்கமாகப் பொருந்துகிறது. இந்த இரண்டுக்கும் இடையே இருப்பது மயிரிழை அளவு இடைவெளிதான். அதற்குள் நீர் புகுந்து துருப்பிடித்தால், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும் என்பதால், அது ஆப்பு வைத்ததுபோல் ரிம்மை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. கடல் காற்றில் உள்ள உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. மழை நின்ற பிறகும் துரு வளர்வதற்கு அதுவே காரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கிங்ஸ் சர்க்கிள், சயான் காந்தி மார்க்கெட் போன்ற இடங்களில் தேங்கும் தண்ணீரில் ஓடிவிட்டு, பிறகு நாள்கணக்கில் நிறுத்தப்படும் கார்களில் இதைச் சாதாரணமாகக் காணலாம்.

மாற்றத்தான் வேண்டுமா?

வெளிப்புறத்தில் பழுப்பு நிறம் படிந்திருக்கிறது என்பதற்காக மட்டும் ரிம்மை மாற்ற வேண்டியதில்லை. கம்பி பிரஷால் தேய்த்து, எமரி தாளால் மழமழப்பாக்கி, துருத்தடுப்பு பிரைமரும் அதன்மேல் வெள்ளி நிற எனாமல் பெயிண்டும் அடித்தால் அது பல ஆண்டுகள் உழைக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஹப்போடு ஒட்டும் பின்முகத்திலும், நட்டுகள் உட்காரும் குழிகளிலும் பெயிண்ட் படக்கூடாது. பெயிண்டின் தடிமன் வண்டி ஓட ஓட நசுங்கித் தேயும். அதனால் நட்டுகளின் பிடி தளரும்.

கவனிக்க வேண்டிய துரு வேறு மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, டயரின் விளிம்பு ரிம்மோடு ஒட்டும் ஓரம். டியூப்லெஸ் டயரில் காற்றைப் பிடித்துவைப்பதே அந்த ஓரம்தான். பங்சர் எதுவும் இல்லாமல் வாரத்துக்கு ஐந்தாறு பிஎஸ்ஐ காற்று குறைகிறது என்றால், சோப்புத் தண்ணீரை ரிம்மின் ஓரம் முழுவதும் ஊற்றிப் பாருங்கள். நுரை தொடர்ந்து எழும் இடத்தில் கசிவு இருக்கிறது. துரு லேசாக இருந்தால் டயர் கடையில் டயரை இறக்கி, ஓரத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சீலர் பூசி மீண்டும் ஏற்றித் தருவார்கள். நகத்தால் வருடும்போது குழிகள் தட்டுப்பட்டால் அந்த ரிம்முக்கு சீலர் நீண்ட நாள் கைகொடுக்காது. இரண்டாவது இடம் நட்டுத் துளைகளைச் சுற்றிய பகுதி. துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ, அதிலிருந்து மயிரிழை போன்ற விரிசல் கிளம்பியிருந்தாலோ அந்த ரிம்மில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது. மூன்றாவது, வளையமும் தட்டும் சேரும் வெல்டிங் கோடு. அங்கே துரு செதில் செதிலாக உரிந்தால், அடியில் இரும்பு மெலிந்துவிட்டது என்று பொருள். வெல்டிங் செய்து சரிப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

அலாய் ரிம் துருப்பிடிக்காது என்று நினைத்து அலட்சியமாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அலுமினியமும் இரும்பு ஹப்பும் உப்பு ஈரத்தில் சேர்ந்திருந்தால் இரண்டுக்கும் இடையே வெண்ணிறப் பொடி படிந்து, இரும்பு ரிம்மைவிட இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கீழே சொல்லப்படும் கழற்றும் முறை இரண்டுக்கும் பொருந்தும்.

சரியான ரிம்மை வாங்குவது

கழற்றுவதற்கு முன்பே மாற்று ரிம்மை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ரிம்மின் பின்பக்கத்திலோ வால்வுத் துளைக்கு அருகிலோ 14×5ஜே என்பது போன்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். 14 என்பது அங்குலத்தில் விட்டம், 5 என்பது அகலம், ஜே என்பது விளிம்பின் வடிவம். ஈடி என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் எண், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து பொருத்துமுகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. இது மாறினால் டயர் உள்ளே போய் உரசும் அல்லது வெளியே துருத்தும். அடுத்தது பிசிடி, அதாவது நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். நான்கு துளை ரிம்மில் எதிரெதிர்த் துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தால் அதுவே பிசிடி. மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ20, ஹோண்டா சிட்டி ஆகிய மூன்றும் பல ஆண்டுகளாக 4×100 என்ற அளவில்தான் வந்தன. ஆனால் நடுத் துளை முதல் இரண்டுக்கும் 54.1 மில்லிமீட்டர், ஹோண்டாவுக்கு 56.1 மில்லிமீட்டர். எனவே ஸ்விஃப்ட்டின் ரிம் ஹோண்டாவின் ஹப்பில் ஏறாது; ஹோண்டாவின் ரிம் ஸ்விஃப்ட்டில் ஏறினாலும் மையத்தில் உட்காராமல் ஓட்டத்தில் அதிரும். துளைகள் பொருந்தினால் போதும் என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான்.

நட்டும் அப்படியே. மாருதியிலும் ஹூண்டாயிலும் நட்டின் அடி கூம்பு வடிவம். ஹோண்டாவில் உருண்டை வடிவம். மரையும் வேறு: சுசூகி வண்டிகளுக்கு எம்12×1.25, ஹோண்டா, ஹூண்டாய், டொயோட்டா வண்டிகளுக்கு எம்12×1.5. பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் இவற்றை மாற்றிப் போட்டால் மரை நாசமாகும். பழைய நட்டுகள் உருண்டு தேய்ந்திருந்தால் உங்கள் வண்டிக்குரியதையே கேட்டு வாங்குங்கள்.

புதிய ரிம்மை வண்டி நிறுவனத்தின் உதிரிபாகக் கடையில் பாக எண் சொல்லி வாங்குவது பாதுகாப்பானது. பழைய ரிம் வாங்குவோர் பெரும்பாலும் குர்லா மேற்கில் உள்ள சி.எஸ்.டி. ரோட்டுக்குத்தான் போகிறார்கள். ஊருக்குப் புதியவர்கள் பெயரைப் பார்த்து, சி.எஸ்.டி. என்றே பலரும் அழைக்கும் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்துக்குப் போய்விட வேண்டாம். இது குர்லாவிலிருந்து கலினா நோக்கிச் செல்லும் சாலை. அங்கே வாங்கும்போது ரிம்மைத் தரையில் உருட்டிப் பார்ப்பது போதாது. டயர் இல்லாமல் பேலன்சிங் மெஷினில் மாட்டிச் சுழற்றச் சொல்லி, விளிம்பு மேலும் கீழும் ஆடுகிறதா, பக்கவாட்டில் நெளிகிறதா என்று பாருங்கள். புத்தம் புதிதாகத் தடிமனான பெயிண்ட் அடித்த பழைய ரிம்மின்மீது எனக்கு எப்போதும் ஐயம் உண்டு. அந்தப் பெயிண்டின் கீழ் வெல்டிங் செய்த விரிசல் மறைந்திருக்கக்கூடும். சற்று அழுக்காக, துரு வெளிப்படையாகத் தெரியும் ரிம் அதைவிட மேல்.

கழற்றுதல்

முந்தின இரவே ஸ்டட்டுகளின் முனையிலும், ரிம்மின் நடுத் துளை ஹப்போடு சேரும் வட்டக் கோட்டிலும் டபிள்யூடி-40 போன்ற ஊடுருவும் எண்ணெயை அளவாக விடுங்கள். வீல் கேப்பைக் கழற்றினால்தான் இந்த இடங்கள் தெரியும். எண்ணெய் பிரேக் டிஸ்க்கின்மீது தெறிக்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம். இரவெல்லாம் ஊறிய எண்ணெய் மறுநாள் சுத்தியல் செய்யும் வேலையில் பாதியைத் தானே செய்துவிடும்.

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். நம் குடியிருப்புகளில் பெரும்பாலும் பேவர் பிளாக் பதித்த தரைதான் இருக்கிறது. மழைக்குப் பிறகு அந்தக் கற்கள் ஒருபக்கம் அமிழும் என்பதால், ஜாக்கியின் அடியில் ஓரடிச் சதுரமுள்ள தடித்த பிளைவுட் பலகையை வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் போட்டு, தூக்கப்போகும் சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள சக்கரத்தின் இருபக்கமும் கட்டையோ செங்கல்லோ அணை கொடுங்கள். இதைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். முன்சக்கர இயக்கமுள்ள காரில் ஒரு முன்சக்கரத்தைத் தூக்கியதும், இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியலின் அமைப்பினால் தூக்கிய சக்கரம் தன்போக்கில் சுழலும். அதனால் கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. அந்த நிலையில் வண்டியை நிறுத்துவது ஹேண்ட் பிரேக் பிடித்திருக்கும் பின்சக்கரங்கள் மட்டுமே. பின்சக்கரத்தைத் தூக்கும்போதோ நிலைமை தலைகீழ்: ஹேண்ட் பிரேக் ஒரு பக்கம்தான் உதவும், முன்சக்கரங்களைக் கியர் பிடித்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் கட்டை இருந்தால்தான் நிம்மதி.

நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே இளக்க வேண்டும்; தூக்கிய பிறகு இளக்க முயன்றால் சக்கரம் சுழலும், ஜாக்கி சாயும். இடப்புறமாகச் சுழற்றி ஒவ்வொன்றையும் அரைச் சுற்று மட்டும் இளக்குங்கள். வண்டியோடு வரும் குட்டை ஸ்பேனர் பெரும்பாலும் போதாது. டயர் கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் அளவுக்கு மீறி இறுக்கப்பட்ட நட்டுகளுக்கு நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பேனர் வேண்டும். ஸ்பேனரின் கைப்பிடி தரைக்கு இணையாக இடப்பக்கம் வருமாறு மாட்டி, அதைக் கீழ்நோக்கி உடல் எடையால் நிதானமாக அழுத்துங்கள்; எகிறிக் குதிக்க வேண்டாம். நட்டு கிறீச்சிட்டு அசையாமல் நின்றால், வலப்புறமாக ஒரு சிறிது இறுக்கிவிட்டு மீண்டும் இளக்கிப் பாருங்கள். மரையில் உள்ள துரு இப்படி முன்னும் பின்னும் போகும்போது நொறுங்கும்.

அடுத்து ஜாக்கி. பக்கவாட்டுச் சட்டத்தின் அடியில், முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் இரண்டிரண்டு வெட்டுகளால் குறித்த இடம் இருக்கும்; அந்த இரண்டு வெட்டுகளுக்கு நடுவில் மட்டுமே ஜாக்கியின் தலை பொருந்த வேண்டும். நீண்ட நாள் துருவேறிய வண்டியில் அந்தச் சட்டமும் அரித்திருக்கலாம். தூக்கும்போது தகடு நெரியும் ஓசை கேட்டால் உடனே இறக்கிவிடுங்கள். அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை. சக்கரம் தரையை விட்டு இரண்டு விரல் உயர்ந்ததும் நிறுத்தி, ஜாக் ஸ்டாண்ட் இருந்தால் அதை வைத்துவிடுங்கள். இல்லையெனில் ஸ்டெப்னியைச் சட்டத்தின் அடியில் படுக்க வையுங்கள். ஜாக்கி நழுவினால் வண்டியின் எடையை அது தாங்கும். வண்டியின் அடியில் கையையோ தலையையோ நுழைக்கும் தேவை இந்த வேலையில் எங்குமே இல்லை.

இப்போது நட்டுகளைக் கழற்றுங்கள். சக்கரம் தானாக வந்துவிட்டால் நல்லது. வராவிட்டால் அவசரப்பட வேண்டாம். நான் சுத்தியலை எடுத்தது இந்த இடத்தில்தான். முதலில் நட்டுகளில் இரண்டை மீண்டும் ஸ்டட்டில் ஐந்தாறு சுற்று ஏற்றிவிடுங்கள். சக்கரம் திடீரென விடுபட்டாலும் மேலே வந்து விழாது. பிறகு தரையில் உட்கார்ந்து, டயரின் பக்கவாட்டை, அதாவது ரப்பரை மட்டும், குதிகாலால் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாற்றி மாற்றி உதையுங்கள். டயரின் மேலும் கீழும் இடம் மாற்றி மீண்டும் உதையுங்கள். ஒரே இடத்தில் ஓங்கி உதைப்பதைவிடச் சுற்றிலும் மிதமாக உதைப்பதுதான் துரு வளையத்தை உடைக்கிறது. இதற்கும் அசையாவிட்டால், டயரின் பின்பக்க ரப்பரில் மரக்கட்டையை வைத்து, ரப்பர் சுத்தியலால் வெளிநோக்கித் தட்டலாம். பிரேக் டிஸ்க், பிரேக் குழாய், ஸ்டட் இவற்றின்மீது ஒரு தட்டும் விழக்கூடாது.

அதற்கும் மசியாத ரிம்முக்கு இன்னொரு வழி உண்டு. எல்லா நட்டுகளையும் கையால் முழுமையாக ஏற்றி, பிறகு ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று மட்டும் இளக்கிவிட்டு, சட்டத்தின் அடியில் வைத்த ஸ்டாண்டையோ ஸ்டெப்னியையோ எடுத்து வண்டியைத் தரையில் இறக்கி, அதன் பிறகே சக்கரத்துக்கு அணை கொடுத்த கட்டைகளை எடுங்கள். கட்டடத்தின் உள்ளேயே, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், ஓரடி முன்னும் ஓரடி பின்னுமாக மெதுவாக நகர்த்தி பிரேக் பிடியுங்கள். வண்டியின் எடையே ரிம்மை ஹப்பிலிருந்து பிரித்துவிடும். 'டக்' என்ற ஓசை தெளிவாகக் கேட்கும். கேட்டதும் வண்டியை நிறுத்தி, கட்டைகளை மீண்டும் வைத்து, முன்பு செய்ததுபோலத் தூக்குங்கள். இந்த நிலையில் வாசலைத் தாண்டிச் சாலைக்குப் போவது பற்றி எண்ணவே கூடாது.

நெருப்புக் காட்டிச் சூடேற்றி எடுக்கலாம் என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. காற்று நிரம்பிய டயருக்கு அருகே ரிம்மைச் சூடாக்கினால் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறி டயர் வெடிக்கும். ஆட்களைக் கொன்ற விபத்துகள் இப்படி நடந்திருக்கின்றன. பேரிங்கின் கிரீஸும் சீலும் கெடுவது அதற்கு அடுத்த கேடு. ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

ஹப்பைச் சுத்தம் செய்தல்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான், பலரும் தாண்டிச் செல்வதும் இதைத்தான். துருவேறிய ஹப்பின்மீது புதிய ரிம்மை மாட்டினால் இரண்டு முகங்களும் முழுமையாக ஒட்டாது. இடையே உள்ள துருச் செதில்கள் ஓட்டத்தில் நொறுங்க, நட்டுகள் தளரும். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு முகமூடியும் போட்டுக்கொண்டு, ஹப்பின் தட்டை முகத்தையும் நடு விளிம்பையும் கம்பி பிரஷால் தேய்த்து, எமரி தாளால் இரும்பின் நிறம் தெரியும்வரை மெருகேற்றுங்கள். தூசியை வாயால் ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள். ஸ்டட்டுகளில் இருந்த எண்ணெயையும் உலர்ந்த துணியால் முழுமையாகத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் இருக்கும் மரையில் நட்டு வழக்கத்தைவிட எளிதாகச் சுழலும். அதனால் அதே விசையில் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபட்டு, ஒரு நாள் அறுந்துபோகும்.

பிறகு நடு விளிம்பில் மட்டும், விரல் நுனியில் எடுத்த செம்பு கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். அடுத்த முறை சக்கரம் கையோடு வருவதற்கு அதுவே உத்தரவாதம். தட்டை முகத்திலோ ஸ்டட்டிலோ நட்டின் கூம்பிலோ அது படக்கூடாது.

இப்போது ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, கழற்றிய சக்கரத்தையும் புதிய ரிம்மையும் டிக்கியில் ஏற்றி டயர் கடைக்குப் போகலாம். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று காலையிலேயே பார்த்திருக்க வேண்டும். அது அளவில் சிறிய தற்காலிகச் சக்கரமாக இருந்தால், அதன்மேல் குறித்துள்ள வேக வரம்பைத் தாண்டாதீர்கள். பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டர் என்றிருக்கும்.

டயர் கடையில்

டியூப்லெஸ் டயரைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தால் விளிம்பு கிழியும். மெஷின் உள்ள கடையிலேயே கொடுங்கள். புதிய ரிம்முக்குப் புதிய வால்வு போடச் சொல்லுங்கள். காற்றழுத்தம் காட்டும் சென்சார் உள்ள வண்டியானால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மெஷினின் கை அதை உடைத்துவிடும். டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் அது வண்டி முன்னோக்கி ஓடும் திசையில் இருக்க வேண்டும். அதே பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது; மிகப் பழையதாகி ரப்பர் வெடித்திருந்தால், புதிய ரிம்மில் அதை ஏற்றிக் கூலியை வீணாக்குவதைவிடப் புதிய டயரே சிக்கனம். விளிம்பு உட்காரக் காற்றடிக்கும்போது 40 பிஎஸ்ஐயைத் தாண்ட விடாதீர்கள். உட்காராவிட்டால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி தொடங்குவதுதான் முறை.

பேலன்சிங் கட்டாயம் செய்ய வேண்டும். வீல் அலைன்மென்ட்டும் சேர்த்துச் செய்யச் சொல்வார்கள். ரிம்மை மட்டும் மாற்றுவதால் அலைன்மென்ட் மாறுவதில்லை. வண்டி ஏற்கனவே ஒருபக்கம் இழுத்தால் மட்டும் செய்துகொள்ளுங்கள்.

மீண்டும் மாட்டுதல்

வீட்டில் மீண்டும் அதே முறையில் வண்டியைத் தூக்கி, ஸ்டெப்னியைக் கழற்றி, சக்கரத்தைக் காலின் மேல் வைத்து உயர்த்தி ஸ்டட்டுகளில் ஏற்றுங்கள். நட்டுகளைக் கூம்பு முனை உள்ளே இருக்குமாறு விரல்களால் ஏற்றத் தொடங்க வேண்டும். முதல் நான்கைந்து சுற்றுகளுக்கு ஸ்பேனரைத் தொடவே கூடாது. விரலுக்கு இறுகினால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள், உடனே பின்வாங்குங்கள். எல்லா நட்டுகளும் ரிம்மைத் தொட்ட பிறகு ஸ்பேனரால் எதிரெதிராக மிதமாக இறுக்கி, சக்கரம் ஹப்பில் சமமாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். வண்டியை இறக்கிய பிறகே முழு இறுக்கம்.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். பெரும்பாலான சிறிய கார்களுக்கு அது 85 முதல் 130 நியூட்டன் மீட்டருக்குள் அமையும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் சிறப்பு. இல்லாதபோது ஒரு கணக்கு உதவும்: அரை மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் முனையில் 20 கிலோ எடையளவு அழுத்தினால் ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். ஸ்பேனரின்மேல் ஏறி நின்றால் அது மும்மடங்கைத் தாண்டிவிடும் என்பதையும் இதே கணக்கு சொல்கிறது. ஒரே சுற்றில் முடிக்காமல், எதிரெதிர் வரிசையில் இரண்டு மூன்று சுற்றுகளாக இறுக்குங்கள். நான்கு நட்டுகளானால் குறுக்காக, ஐந்தானால் நட்சத்திர வடிவில்.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு இறுக்கத்தை மீண்டும் சரிபார்க்க வேண்டும். செம்பூரிலிருந்து பன்வேல் போய்த் திரும்பினாலே அந்தத் தூரம் ஆகிவிடும். திரும்பி வந்து, சக்கரம் ஆறிய பிறகு, ஒவ்வொரு நட்டையும் அதே அளவில் இறுக்கிப் பாருங்கள். ஏதேனும் ஒன்று கணிசமாகச் சுழன்றால், ஹப்பில் செதில் மிஞ்சியிருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி முகங்களை மீண்டும் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

பழைய ரிம்மைக் காயலான் கடைக்குப் போடும் முன், அதன் விளிம்பில் ஹேக்ஸா பிளேடால் ஓர் ஆழமான வெட்டுப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட ரிம்முக்குப் பெயிண்ட் அடித்து யாரும் இன்னொருவருக்கு விற்க முடியாதபடி அந்த வெட்டுச் செய்துவிடும்.